மஞ்சள் தெரியாத கண்ணாடி

ஜொகூர் பாருவில் படக்கடை வைத்திருந்த காலத்தில் சுமங்கலிகள் பலரை விதவையாக்கிய பெருமை எனக்கு உண்டு. யாரையும் நான் கொல்லவில்லை. புருஷன்மார் எல்லாரும் வெற்றிலை மென்றுகொண்டு, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, குத்துக்கல்லாகப் பக்கத்திலேயே நின்றார்கள். ஆனால் படத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தால் மனைவியின் நெற்றி வெறுமையாக இருக்கும். கழுத்து வெறுமையாக இருக்கும். முகம் மட்டும் துக்கத்தில் இருண்டு கிடக்கும்.

இதற்காக என்னைத் திட்டுவது நியாயமில்லை. அந்தக் காலத்தில் காமிராவுக்குள் போட்ட மருந்து பூசிய கண்ணாடித் தட்டு செய்த வேலை அது. அந்தத் தட்டுக்கு நிறம் தெரியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். தெரியும், ஆனால் ஓரவஞ்சனையோடு தெரியும். நீலத்தைக் கண்டால் வெள்ளை என்று வாங்கிக்கொள்ளும். மஞ்சளையும் சிவப்பையும் கண்டால் இருட்டு என்று தள்ளிவிடும். சீமையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைக்காரியை மனத்தில் வைத்துச் செய்த தட்டு. அவள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதில்லை, குங்குமம் வைப்பதில்லை, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டுவதில்லை. நம் பெண்களோ படம் பிடிக்கப் போகிறோம் என்றாலே விடிவதற்கு முன் எழுந்து, மற்ற நாளைவிட இரண்டு மடங்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு கறுப்பு. குங்குமம் அந்தக் கறுப்பில் கரைந்துவிடும். கயிறும் காணாமல் போய்விடும். தங்கமும் மஞ்சள்தானே, அதையும் தட்டு மதிக்காது.

எல்லா நிறத்தையும் ஒழுங்காகப் பார்க்கிற புதுத் தட்டு வந்திருக்கிறது என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருந்த கடைக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதை முழு இருட்டில் கழுவ வேண்டும். என் பழைய தட்டைச் சிவப்பு விளக்கின் கீழே கழுவலாம். மருந்துத் தண்ணீருக்குள் ஒன்றுமில்லாத கண்ணாடியில் முதலில் சட்டைக் காலரும், பிறகு கண்ணின் வெள்ளையும், பிறகு விரல்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பி வருவதைக் குனிந்து பார்க்கலாம். அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பெண்கள் பொட்டிழந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

என் கடை பசார் தெருவில் மாடியில் இருந்தது. கீழே ஒரு சீனர் சவப்பெட்டி செய்து விற்றார். மாடிப்படிக்குப் போகிறவர்கள் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். ஆகவே என்னிடம் வந்து சேர்ந்த முகங்கள் எல்லாமே கொஞ்சம் யோசனையோடு இருந்தன. கலைக்கு அது நல்லது. கூரையில் வடக்குப் பக்கம் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்து, அதன் கீழே துணித்திரை கட்டி வெளிச்சத்தை வடிகட்டி வைத்திருந்தேன். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஜப்பானியர். கொள்கையை நானே உண்டாக்கிக்கொண்டேன். வெளிச்சம் ஒரு பொருளின் மேல் எப்படி உட்கார்ந்ததோ அப்படியே படத்தில் வர வேண்டும். தட்டின் மேல் பென்சிலைத் தீட்டி மூக்கை நேராக்குவது, அம்மைத் தழும்பை மூடுவது எல்லாம் பொய்ச் சாட்சி. இந்தக் கொள்கையைச் சொல்லிச் சொல்லியே மூன்று கடை தள்ளியிருந்த இன்னொரு சீனருடைய படக்கடையை நான் வளர்த்துவிட்டேன். அவரிடம் திரைச்சீலையில் வரைந்த மோட்டார் கார் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றால் கார்க்காரனாகவே ஆகிவிடலாம்.

என்னிடம் திரைச்சீலை கிடையாது. மழையில் நனைந்த ஒரு சுவரைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டியிருந்தேன். ஈரம் காய்ந்த இடமும் காயாத இடமும் ஒன்றையொன்று தொடுகிற அந்தச் சாம்பல் நிறத்துக்காகப் பல மழைக்குக் காத்திருந்து பிடித்த படம். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுச் சுவர், இடிந்துவிட்டதா, யாருக்காவது அடிபட்டதா என்று துக்கம் விசாரித்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் தோட்டத்து லோரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மெலிந்த உடம்பு, மேடான கன்னம், இமைக்காமல் பார்க்கிற கண். சவப்பெட்டிகளைத் தாண்டி வரும்போது அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் ஒரு பெட்டியின் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தவுக்கே, நல்லா ஒரு படம் புடிச்சுக் குடுங்க. மாமியாருக்கு அனுப்பணும். மாமியாரு இன்னும் என்னைப் பார்த்ததில்ல" என்றான் அவன். கடை முதலாளி யாராக இருந்தாலும் அவனுக்குத் தவுக்கே.

அவள் என்னை நேராகப் பார்த்து, "மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும் அண்ணே. தாலி தெரியணும்" என்றாள்.

விஷயத்தை அவளே சொன்னாள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவள் ஊர். அவள் கப்பலேறிய பிறகு, திரும்பிப் போன யாரோ ஒருவன் அவள் தாலி கட்டாமல் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவிட்டான். அதிலிருந்து அவள் அம்மாவை யாரும் ஒரு நல்லது கெட்டதுக்கு அழைப்பதில்லை. சடங்கு வீட்டு வாசலில் போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று இவள் கடிதம் எழுதச் சொல்லி அனுப்பினாள். யாரும் நம்பவில்லை.

"காயிதத்துல யாரு வேணா என்னா வேணா எழுதலாம்னு சொல்லிட்டாங்களாம். படத்துல பொய் சொல்ல முடியாதாம்ல. அதான் வந்தோம்."

என் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளை வடக்கு வெளிச்சத்தில் நிறுத்தினேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் உடுத்தியிருந்தது சிங்கப்பூரில் வாங்கிய வெளிர்நீலச் சேலை. முகத்தில் தாராளமாக மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் புதிதாக மஞ்சள் ஏற்றிய கயிறு. கயிறு இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, இது எப்படியும் தப்பித்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அவள் கன்னமேட்டில் வெளிச்சம் ஏறி இறங்கிய அழகில் எனக்கு வேறு எதுவும் புத்தியில் படவில்லை.

நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தபோது அவனும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். காமிராவின் பின்கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். அவன் உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து அவளைப் பார்த்தான். மறுபடியும் உள்ளே போனான்.

"ஏ புள்ள, சேலையப் புடிச்சுக்க. உள்ள தலைகீழா தொங்குற."

அவள் பிடித்துக்கொள்ளவில்லை. "அவரை உக்காரச் சொல்லுங்க அண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் படத்தை வாங்க வந்தார்கள். நான் சந்தோஷமாக எடுத்து நீட்டினேன். என் கையால் அதுவரை வந்தவற்றில் சிறந்த படம் அது. அந்த நிழல், அந்தக் கண், அந்த இறுக்கமான உதடு. அவன் வாங்கிப் பார்த்தான். ஓயாத வாய் ஓய்ந்துவிட்டது.

படத்தில் அவன் கோட்டுப் போட்டு, காலை அகட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய விதவை நின்றாள். நீலச் சேலை அப்பழுக்கில்லாத வெள்ளைச் சேலை ஆகியிருந்தது. நெற்றி பாழ், கழுத்து பாழ். மஞ்சளெல்லாம் கறுத்து, ஊரே கூடி அழுத வீட்டிலிருந்து நேராக எழுந்து வந்தவள் போல் இருந்தாள்.

"நான் உக்காந்திருக்கேன்லா?" என்று கேட்டான் அவன், குரல் இறங்கிப்போய். "நான் இங்கத்தானே உக்காந்திருக்கேன். நான் இருக்கறப்பவே இவ எப்படித் தவுக்கே..."

படியில் இறங்கப் போனவன் கீழே சவப்பெட்டிகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே வந்தான். காமிரா நடக்கப்போவதைக் காட்டிவிட்டது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நிறத்தின் கதையை நான் பொறுமையாக விளக்கினேன். அவன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, "படத்துல உள்ள ஆம்பள உயிரோட இருக்கான்னு பின்னால எழுதி, கடை முத்திரை சாப்பு வச்சுக் குடுங்க" என்றான். மாமியார் ஊரில் யாருக்கும் எழுத்தில் நம்பிக்கை இல்லை என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அவள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கழுத்து இருக்கும் இடத்தை விரலால் தொட்டாள்.

"இதப் பார்த்தா எங்கம்மா என்னா நெனைக்கும்? ஒண்ணு, இவரு செத்துட்டாருன்னு நெனைக்கும். இல்லன்னா அந்த ஆளு சொன்னது நெசம்னு நெனைக்கும்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடத்தில் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். தட்டின் மேல் பென்சில் தீட்டினால் படத்தில் அந்த இடம் வெளுத்து வரும், கழுத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டால் கயிறு மாதிரியே இருக்கும், மூன்று கடை தள்ளியிருக்கும் சீனர் தினமும் செய்கிற வேலைதான் என்றேன். சொல்லி முடித்ததும் என் கொள்கையை நினைத்து உடம்பு கூசியது.

"வரைஞ்ச தாலி வேணாம்" என்றாள் அவள்.

"யாருக்கும் தெரியாது தங்கச்சி."

"எனக்குத் தெரியும்லா."

எனக்குக் கோபம் வந்தது. என் கொள்கையை நானே தளர்த்துகிற அன்று பார்த்து, அதை என்னைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே என்ற கோபம். அப்படியானால் கேள் என்று உரக்கச் சொன்னேன். மஞ்சள் கயிறு இந்தத் தட்டில் ஆயுசுக்கும் தெரியாது. வெள்ளைக் கயிறு கட்டிக்கொண்டு வந்தால் பளிச்சென்று தெரியும். படத்தில் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்றால் நேரில் அமங்கலியாக வர வேண்டும், வேறு வழியில்லை.

அவன் காதைப் பொத்திக்கொண்டான். "வெள்ளைக் கயிறா? உசுரோட இருக்கறவன் பொண்டாட்டிக்கா?"

"நீலமும் வெள்ளையாகத்தான் விழும்" என்றேன். "நீலக் கயிறு?"

நீலம் அவனை யோசிக்கவைத்தது. நீலம் மங்கலமும் இல்லை, அமங்கலமும் இல்லை. தோட்டத்துக் கோயில் பூசாரியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். போகிற வழியெல்லாம் லோரியை மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஓட்டியதாகப் பின்னால் அவனே சொன்னான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு, நீலக் கயிற்றைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததால் அதில் தப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னாராம். தீர்ப்புக்கு ஒரு சேவல் போயிற்று.

இரண்டாவது முறை அவர்கள் வந்த நாளை நான் மறக்க முடியாது. அவளுக்கு நான் சொல்லி அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: மஞ்சள் பூசாமல் குளித்துவிட்டு வர வேண்டும். மலாய்ப் பெண்கள் வெயிலுக்குப் பூசுகிற பெடாக் என்ற அரிசி மாவை வாங்கி முகத்தில் தடவிக்கொள்ள வேண்டும், வெளுத்த முகத்தில்தான் குங்குமம் எடுத்துக் காட்டும். சிவப்புச் சேலை கட்ட வேண்டும். தங்கமும் கறுக்கும் என்பதால் கயிற்றில் கோக்கும் தாலிப் பொட்டு வெள்ளியில் இருக்க வேண்டும். அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஆபத்தாயிற்று. நீலம் வெள்ளையாக விழும் என்பதை அவன் தன் மூளைக்குள் வைத்து வளர்த்திருந்தான்.

படியில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால், டோபி வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் குழைத்து முகம், காது, கழுத்து, கை எல்லாம் பூசிக்கொண்டு லோரி டிரைவர் வந்தான். அவனுக்குப் பின்னால், அரிசி மாவு பூசிய வெள்ளை முகத்தோடு அவள் வந்தாள். கீழே சவப்பெட்டிக் கடையில் உளிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

போலீஸ்காரர் தம்போய் முனையில் லோரியை மறித்திருக்கிறார். "ஹாரி ஆப்பா இனி?" என்று கேட்டிருக்கிறார். இது என்ன திருநாள் என்று அர்த்தம். இவன் கொஞ்சமும் யோசிக்காமல் "ஹாரி காம்பார்", படத் திருநாள், என்று சொல்லியிருக்கிறான். பல இந்துத் திருநாள்களுக்குப் பாதுகாப்பு நின்று பழகிய அந்த மனிதர், தான் அறியாத ஒன்று இருக்கும்போலும் என்று கூடவே வந்துவிட்டார். ஊர்வலம் எப்போது கிளம்பும் என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

"எதற்கடா இது?" என்று டிரைவரைக் கேட்டேன். அதுவரை நான் யாரையும் கடையில் வைத்து 'டா' போட்டதில்லை.

"மாமியாரு மொத மொதல்ல பாக்கப் போறாங்க தவுக்கே. கொஞ்சம் செவப்பா தெரியட்டும்னு."

அவனைக் கழுவச் சொன்னால் வெளிச்சம் போய்விடும். மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. வந்த போலீஸ்காரரைச் சும்மா நிறுத்துவானேன் என்று அவர் கையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடுத்து, சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து நிழலைக் கரைக்கும். அவர் அதைக் கொடி பிடிப்பதுபோல விறைப்பாகப் பிடித்தார்.

டிரைவர் கோட்டுப் பையிலிருந்து நீலக் கயிற்றை எடுத்தான். நுனியில் வெள்ளிப் பொட்டு தொங்கியது. "இந்தா புள்ள, அது கெடக்கட்டும். இத மேல போட்டுக்க."

"ஒரு கழுத்துல ரெண்டு தாலியா?" என்றாள் அவள். "அதுக்கு ஊர்ல வேற பேரு சொல்வாங்க."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். டிரைவர் அலறவில்லை. நீலம் பூசிய முகத்தில் கண் இரண்டும் பிதுங்க, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, சாவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தான். நான் ரசாயனம் படித்தவன்தான், ஆனாலும் அந்த நிமிஷம் அவன் விழுவான் என்றே எனக்குத் தோன்றியது. போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு விரிப்பை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

அவள் கயிற்றை மேசையின் மேல் வைத்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அவனிடம். "இது யாரு கட்டுனது?"

"நாந்தான்."

"எப்ப?"

"கோயில்ல..." என்று இழுத்தான்.

"எந்தக் கோயில்ல?"

நீலத்துக்கு மேல் வியர்வை கோடு கோடாக இறங்கியது. அவள் கழுத்தில் தினமும் பார்த்துப் பார்த்து, அதைத் தான்தான் கட்டினோம் என்று அவன் நம்பிவிட்டிருந்தான். ஊரையெல்லாம் சுற்றி வந்த லோரிக்காரனுக்கு எந்தக் கோயில் என்று மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவனைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை. சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற குரல்.

"கப்பல்ல வந்தப்பப் பழக்கம் அண்ணே. தோட்டத்துக்குப் போனதும் கோயில்ல வச்சுக் கட்டலாம்னாரு. போய்ப் பார்த்தா கோயில் கூரைய பிரிச்சுப் போட்டிருந்தாங்க. கூரை போட்டாங்க, இவருக்கு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, லோரி வேலை வந்துச்சு. அப்புறம் இவருக்கு மறந்துபோச்சு. வெறுங் கழுத்தோட தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு பொம்பள இருக்க முடியுமா? நானே கயிறு வாங்கி நானே கட்டிக்கிட்டேன். கைய பின்னால விட்டுக் கட்டுறது கஷ்டம். மூணு முடிச்சு வரல. ஒண்ணுதான் போட்டேன்."

மேசையில் கிடந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி, "வரைஞ்சது வேணாம்னு அதான் சொன்னேன். ஏற்கெனவே ஒண்ணு அப்படித்தான இருக்கு" என்றாள்.

என் தட்டின் மேல் எனக்குப் பெரிய பெருமை வந்துவிட்டது. இல்லாத தாலியை இல்லை என்றே சொல்லியிருக்கிறதே என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. வெறும் மஞ்சள், வெறும் ரசாயனம், கோயிலில் முறையாகக் கட்டியவளையும் இது இதே கதிக்குத்தான் ஆளாக்கும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

டிரைவர் சுவரை விட்டு வந்தான். நீலக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தான். "இங்கயா?" என்று கேட்டான். "மேளம் ஒண்ணும் இல்லியே."

"கட்டுங்க" என்றாள் அவள், கழுத்தைக் குனிந்து.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் முடிச்சைப் போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது, அவனுக்கு இங்கே சகோதரி யாரும் இல்லை, மூன்றையும் அவனே போட்டான். அவள் பின்கழுத்தில் நீல விரல்கள் பதிந்தன. போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "காவின்?" என்று மெதுவாகக் கேட்டார். கல்யாணம்தான் என்று தலையாட்டினேன். தொப்பியைக் கழற்ற அவருக்குக் கை ஒழியவில்லை. விரிப்போடு சேர்த்துத் தலையை வணங்கினார். ஏதாவது தூவ வேண்டுமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அட்சதைக்கு எங்கே போவேன். அவள் கொண்டு வந்து வைத்திருந்த பொட்டலத்தில் மீதி பெடாக் இருந்தது. அது பொடியாக இல்லாமல் சின்னச் சின்ன உருண்டைகளாகத்தான் விற்கும், அரிசியின் அளவில். அதை அள்ளித் தூவினேன். பாதி உருண்டை உடைந்து மாவாகி அறை முழுவதும் மிதந்தது. காமிரா லென்சின் மேல் ஒரு படலம் படிந்தது. அதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டு அதைத் துடைத்தேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. மாவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவனை உட்காரவைத்தேன். அவளைப் பக்கத்தில் நிறுத்தினேன். வெளிச்சம் குறைந்துவிட்டதால் நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டும், நான் எண்ணி முடிக்கும்வரை மூச்சுக்கூட விடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். போலீஸ்காரரும் மூச்சை அடக்கிக்கொண்டார். லென்சின் மூடியை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். அவள் வலது கை நெஞ்சின் மேல் பொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. கல்லாக நின்றாள். பாதி எண்ணிக்கையில், மெதுவாக முகத்தைத் திருப்பி, கீழே உட்கார்ந்திருந்த அந்த நீல மனிதனைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"போச்சு" என்றேன், மூடியைப் போட்டுவிட்டு. அந்தப் பெட்டியில் அதுதான் கடைசித் தட்டு.

அன்றே கழுவினேன். இந்த ஊர்ச் சூட்டில் மருந்துத் தண்ணீர் வெதுவெதுப்பானால் தட்டிலிருந்து பிம்பம் தோலாக உரிந்துவிடும். மீன் பசாரில் ஐஸ்கட்டி வாங்கி அதில் போட்டுத்தான் வேலை செய்வேன். என் கலைப் படைப்புகள் எல்லாமே பிறக்கும்போது கெளுத்தி மீன் வாடை அடித்தன. சிவப்பு விளக்கின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வரவேண்டிய சட்டைக் காலர் வரவில்லை. கன்னம் வரவில்லை. முதல் முதலாக ஒரு மெல்லிய கோடு கிளம்பியது, கழுத்தின் ஒரு பக்கத்திலிருந்து இறங்கி, மறு பக்கம் ஏறுகிற கோடு.

அச்சிட்ட படத்தை அவர்கள் அடுத்த முறை வந்தபோது கொடுத்தேன். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன். டிரைவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவன் விரும்பியபடியே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு நிகரான நிறத்தில், கொஞ்சம் சீக்குப் பிடித்த துரையாக உட்கார்ந்திருந்தான். அவளுக்குத்தான் முகம் இல்லை. திரும்பியதில் மூக்கும் கண்ணும் ஒன்றோடொன்று இழுபட்டு, கழுத்துக்கு மேலே ஒரு வெளிறிய புகை மட்டும் நின்றது. குங்குமம் எங்கே வைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கழுத்துக்குக் கீழே எல்லாம் அசையாமல் வந்திருந்தது. கயிற்றின் ஒவ்வொரு திரியும், வெள்ளிப் பொட்டும், அதைப் பிடித்திருந்த விரலின் நகமும் தெரிந்தன.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கன்னமேட்டை இரண்டு முறை கையில் வைத்திருந்து, இரண்டு முறையும் அவளுக்கு உதவாமல் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. புதுத் தட்டு சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டது, இப்போதே உட்காருங்கள், இன்னொன்று பிடித்துவிடலாம், இதில் முகமே இல்லையே தங்கச்சி, இதை வைத்துக்கொண்டு உங்கம்மா என்ன செய்வாள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

அவள் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கயிறு இறங்குகிற இடத்திலிருந்து ஏறுகிற இடம்வரை விரலை ஓட்டினாள். பிறகு அதை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு என் மூஞ்சி தெரியும் அண்ணே" என்றாள். "இதத்தான் அது பார்த்ததில்ல."